கோணி ஊசியில் ஓடிய கடிகாரம்

அன்றைக்கு நான் முதல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரம் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரம் பிரித்துக் கிடந்தது. பின் மூடி ஒரு பக்கம், தோல் வார் ஒரு பக்கம், மெல்லிய சுருள் கம்பியோடு ஒரு குட்டிச் சக்கரம் இன்னொரு பக்கம்.

பக்கத்தில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் அவரை 'வீட்டுக்காரர்' என்றே எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் முழுக்க அவர்தான் வரப்போகிறார் என்பதால் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

"வேலைக்குப் போகலியா?" என்றேன்.

"லீவு சொல்லிட்டேன். வாட்ச் நேத்து நைட்டே நின்னுப்பூட்ச்சி. இன்னான்னு பாக்கலாம்னு தொறந்தேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிகிச்சி."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. கையைக் கழுவிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டேன். முதல் உருண்டையை வாயில் வைத்த பிறகுதான் அந்த வாட்சின் முகத்தைப் பார்த்தேன். முள் ஒன்பது இருபதில் நின்றிருந்தது.

காலையில் கிளம்பும்போது அதே வாட்சில்தான் மணி பார்த்தேன். ஐந்து இருபது. தெருமுனைக்குப் போனதும் கம்பெனி பஸ் சரியாக வந்தது. நேற்று இரவே நின்றுபோன வாட்ச், இன்று காலை எப்படிச் சரியான நேரம் காட்டும்? ஒன்பது இருபது வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இவர் எதற்குப் பொய் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ரசம் ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வாட்ச்

அந்த வாட்ச் எங்கள் கல்யாணத்தில் என் அப்பா போட்டது. மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், பேன்ட் சட்டை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா சென்னீர்குப்பத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். பிற்பாடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை போட்டு நின்றார். புது வாட்சுக்கு வழியில்லாமல், பாரிமுனைப் பக்கம் அலைந்து பழைய ஃபாரின் வாட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். மணி முள்ளும் நிமிஷ முள்ளும்தான் உண்டு. வினாடி முள் கிடையாது.

"பழசுதான் மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பே குறுகிப்போனது.

ஏழுமலை அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, மண்டபத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் காதில் வைத்தார்.

"கேக்குதா? உங்கப்பா உள்ளார குந்திகினு இன்னாமோ பேசிகினே கீறாரு."

மாலை கனத்த கழுத்தோடு நான் சிரித்துவிட்டேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். தாலி அதற்கு அரை மணி நேரம் முன்பே ஏறிவிட்டது, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டீ ஆறும் நேரத்தில் வாட்சுக்குச் சாவி கொடுப்பார். தன் காதில் வைப்பார். பிறகு என் காதில் வைத்து, "ஓடுதா பாரு" என்பார். "ஓடுது" என்று நான் சொன்னால்தான் கையில் கட்டுவார். எனக்கு முதல் ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கே எழுந்து இந்தக் கூத்தை முடித்துவிட்டு மறுபடி படுப்பார். அப்பா காலமான பிறகும் அது நிற்கவில்லை.

நடுவில் எப்போதோ, தன் காதில் வைப்பதை விட்டுவிட்டு நேராக என் காதுக்கே கொண்டுவர ஆரம்பித்தார். நான் அதைக் கவனித்தேன். வருஷம் போகப் போக மனுஷனுக்கு ஆசை கூடுகிறது என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனேன். கம்பெனியில் பெண்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

வாட்ச் உடைந்த அன்று அவர் அசந்து தூங்கினார். முந்தின நாள் வேலை அதிகம். எழுப்ப மனம் வராமல் நான் கிளம்பிவிட்டேன். அவருக்கு 'ஓடுது' என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

முதுகுக்குப் பின்னால்

ஏழுமலை எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நாள் முழுக்கத் தகட்டில் இடி விழுகிற இடம். மெஷினில் எந்த பேரிங் போகப்போகிறது என்று காதாலேயே சொல்வார். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அங்கே அவருக்கு டாக்டர் என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்கு அவ்வளவு பெருமை.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை. அன்று சாயங்காலம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வழக்கமான குரலில், "ஏங்க, ஊடு பத்திகினு எரியுது" என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

சமையல்கட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அழுகை பாதி அவருக்காக. மீதி, வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்காக. இத்தனை நாள் ஆசையாக என் காதில் வைக்கிறார் என்று நினைத்தேனே, அது ஆசையில்லையா? தனக்குக் கேட்காததால் என் காதை இரவல் வாங்கிக்கொண்டிருந்தாரா?

அவரிடம் கேட்கவில்லை. கம்பெனியில் தெரிந்தால் டாக்டர் பட்டம் போய்விடும் என்றுதான் என்னிடம்கூட மறைக்கிறார் என்பது புரிந்தது. அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவரிடம் பேசும்போது எதிரே வந்து நின்று, முகம் தெரிகிற மாதிரி பேச ஆரம்பித்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை டீ சும்மா ஆறியது. வெறும் மணிக்கட்டோடு குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்த வாட்ச் மறுபடி ஓட வேண்டும், அவர் மறுபடி அதை என் காதில் வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தாஸ் சொன்ன யோசனை

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் பார்க்கும் தாஸிடம் தட்டில் கிடந்ததை எல்லாம் பொட்டலமாகக் கொண்டுபோனேன். அவன் கண்ணில் குட்டி லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"யக்கா, இந்த சக்கரம் இப்டியும் அப்டியும் ஆடினாத்தான் வாட்ச் ஓடும். அதுக்கு நடுவுல கீற அச்சு ஒடஞ்சிப்பூட்ச்சி. பேலன்ஸ் ராடுன்னு சொல்லுவோம். இந்த வாட்சுக்கு ராடு வர்றதில்ல. பேசாம உள்ள ஒரு பேட்டரி மெஷின் போட்டுக்க. சாவி குடுக்குற பேஜாரே கெடயாது."

"சத்தம் வருமா?"

"பேட்டரிக்கு இன்னா பெரிய சத்தம்."

"அப்ப வேணாம். அந்த ராடைக் கையால செய்ய முடியாதா?"

"செய்யலாம். எனக்கு அவ்ளோ பொறுமை கெடயாது. நீ வேணா செஞ்சிகினு வா, மாட்டித் தர்றேன்." கிண்டலுக்குத்தான் சொன்னான். உபரியாக இருந்த லென்ஸ் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தான்.

லென்ஸை அந்த இடத்திலேயே கண்ணில் வைத்து ராடைப் பார்த்தேன். அரிசியைவிடச் சிறிய இரும்புத் துண்டு, நடுவில் பருத்து, படிப்படியாகச் சிறுத்து, ஒரு முனையில் ஊசியின் ஊசியாக நின்றது. மறுமுனைதான் உடைந்திருந்தது. உடையாத முனையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தடிமனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலை செய்தது காயில் கம்பெனியில் என்று முன்பே எழுதியிருக்கிறேன். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிகளை நாளெல்லாம் சுற்றுவோம். எந்தக் கம்பி எத்தனையாவது கேஜ் என்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொல்லிவிடும். அந்த முனை நாற்பத்திரண்டாம் கேஜ்.

கம்பெனியில் கழித்துப்போட்ட கம்பித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எனாமலைச் சுரண்டிவிட்டு, வாட்சுக்குள் ராடின் முனை உட்காரும் குட்டிக் கல்லின் ஓட்டையில் நுழைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு உள்ளே போனது. அதைவிடத் துளி தடித்த நாற்பத்தொன்று போகவில்லை. மைக்ரோமீட்டர் இல்லாமலே அளவு கிடைத்துவிட்டது.

மயில் கழுத்து

ராடை நானே செய்யப்போகிறேன் என்றதும், "நீயா?" என்றார் ஏழுமலை.

"நான்தான். உங்க கை சம்மட்டி புடிக்கிற கை. என்னுது காயில் சுத்துற கை. எனக்கு வேண்டிய சாமானை மட்டும் செஞ்சி குடுங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. பித்தளைக் கட்டையில் இரண்டு முனைகள் எதிரெதிராக நிற்கும் ஒரு சின்னப் பிடிப்பைச் செய்து கொடுத்தார். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் ராடு படுக்கும். அதில் ஒரு குட்டிக் கப்பியை மாட்டி, வில்லின் நாணை ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் வில்லை மேலும் கீழும் இழுத்தால் ராடு சுழலும். வலது கையில் உளி. வில் கீழே வரும்போது மட்டும் உளி தொட வேண்டும். மேலே போகும்போது விலக வேண்டும். தொட்டுவிட்டால் போச்சு.

வில்லுக்கு உடைந்த குடையின் கம்பி. நாணுக்கு நைலான் நூல் போட்டுப் பார்த்தோம். முனை மெல்லியதாகும் சமயம் அது இழுத்த இழுப்பில் ராடு முறிந்துபோனது. ஏழுமலை என் பின்னலைப் பார்த்தார். நான் ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினேன். நீளமான முடி இருந்த காலம் அது. கடைசி முனையை எல்லாம் அந்த ஒற்றை முடியில்தான் கடைந்தேன்.

ராடுக்கு இரும்பு, அரிசிக்கடையில் மூட்டை தைக்கும் கோணி ஊசி. முனை தேயாமலிருக்க அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும்; ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. ஆகவே துடைத்துப் பளபளப்பாக்கி, கரண்டியில் பித்தளைத் தூளைக் கொட்டி, அதன்மேல் ஊசியைப் படுக்க வைத்து மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். நிறம் மாறும். முதலில் வைக்கோல், பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம். நீலம் வந்த உடனே எடுத்துவிட வேண்டும்.

"எந்த நீலம்?" என்றேன்.

ஏழுமலைக்குச் சொல்லத் தெரியவில்லை. "நம்ம நிச்சயத்துக்கு நீ கட்டிகினு வந்தியே, ஒரு பொடவை" என்றார். மயில் கழுத்துக் கலர். அதற்கப்புறம் எனக்கு ஒருமுறைகூட நிறம் தப்பவில்லை. அவர் அந்தப் புடவையை ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெளிச்சத்தில்தான் இந்த வேலை. எத்தனை ஊசி பாழானது என்று எண்ணவில்லை. நடு தடித்துப்போனது, முனை கோணிப்போனது, எல்லாம் சரியாக வந்து கடைசி இழுப்பில் முறிந்தது என்று விதவிதமாகக் கோட்டை விட்டேன். கோபத்தில் வில்லை வீசி எறிந்ததும் உண்டு. ஏழுமலை அதை எடுத்துவந்து புது முடிக்குக் கை நீட்டுவார்.

ஊதியது

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராடு அமைந்துவிட்டது. இரண்டு முனையும் கல்லில் நுழைந்து வழுவழுவென்று சுழன்றன. அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, "இங்க வந்து பாருங்க" என்று கைகாட்டி அழைத்தேன்.

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். காகிதத்தில் இரும்புப் பிசிறு ஒன்றிரண்டு இருந்தன. ஃபிட்டர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கடைந்து முடித்த எதைக் கண்டாலும் பிசிறு போக வாயால் ஊதுவார்கள். அவர் மூச்சை இழுத்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

"ஊதாதீங்க" என்றேன்.

அவர் ஊதினார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவினோம். பாயை உதறி, அரிசி டின்னை நகர்த்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். இரண்டு குண்டூசியும் ஒரு ஜாக்கெட் ஊக்கும்தான் கிடைத்தன.

"ஊதப்போறேன்னு தெரியுதுல்ல, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்று அவர் கத்தினார்.

'சொன்னேன்' என்பது நாக்கு நுனியில் நின்றது. ஒரு வருஷ உழைப்பு போன ஆத்திரம் வேறு. கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு, அழுக்கு முட்டியோடு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தேன்.

"சட்டுனு வாய் வரல" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் இன்னொரு கோணி ஊசியை எடுத்து வந்து வைத்தார்.

சாவி

அடுத்த ராடு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. இந்த முறை காகிதத்தில் வைக்காமல் மருந்துச் சீசாவில் போட்டு மூடினேன். அதைப் பார்த்து தாஸ் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "யக்கா, நெசமா நீயா செஞ்ச?" என்று மூன்று முறை கேட்டான். சக்கரத்தை அதில் அடித்துப் பொருத்தி, சுருள் கம்பியை மாட்டி, அரைச் சுற்று சாவி கொடுத்தான். சக்கரம் ஆட ஆரம்பித்தது. சாவி இறங்கித் தானாக நிற்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஃபுல் சாவி குடுக்கட்டா?"

"வேணாம். அவர் குடுக்கட்டும்" என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அன்று அவருக்குப் பகல் வேலை. சாயங்காலம் வந்ததும் டீ போட்டேன். கைக்குட்டையைப் பிரித்து வாட்சை அவர் கையில் வைத்தேன். முகத்துக்கு நேராக நின்று, 'சாவி குடுங்க' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அதைத் தன் காதில் வைத்துவிட்டார். எத்தனையோ நாளுக்கப்புறம் தன் காதில்.

கண்ணை மூடினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓடுது வசந்தா. சூப்பரா ஓடுது. எவ்ளோ நல்லா கேக்குது தெரியுமா?"

நான் கஷ்டப்பட்டுச் செய்தது வீணாகிவிடக் கூடாது என்று அந்த மனுஷன் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஆமாம் என்றிருக்கலாம். ஆனால் இனி ஆயுசு முழுக்க இரண்டு பேரும் இப்படியே நடிக்க வேண்டுமா என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"இன்னும் சாவியே குடுக்கலைங்க" என்றேன். மெதுவாக, உதடு தெரிகிற மாதிரி.

சிரிப்பு அப்படியே நின்றது. வாட்ச் காதிலிருந்து இறங்கியது. டீ மேல் ஆடை படிந்தது.

"அன்னிக்கே ஒனக்குத் தெரிஞ்சிப்பூட்ச்சா?" என்றார் கடைசியில்.

"ஒம்போது இருவது வரைக்கும் ஓடியிருக்குது. காலைல அஞ்சு இருவதுக்கு நான் அதுல மணி பாத்தேன்."

"காதுல வச்சேன். ஒண்ணும் கேக்கல. நின்னுப்பூட்ச்சோன்னு தொறந்தேன். சக்கரம் ஜம்முனு ஆடிகினு கீது. கண்ணு முன்னாடி ஆடிகினு கீது வசந்தா, எனக்குச் சத்தமே வரல. கேக்குதான்னு காதை இன்னும் கிட்ட கொண்டுபோனேன். அதான் ஸ்க்ரூ டிரைவர் பட்டுகிச்சி." பிறகு, "ஊதாதன்னு நீ சொன்னல்ல, அன்னிக்கி" என்றார்.

"சொன்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். என் ஊசிக் காயமும் அவர் சம்மட்டிக் காய்ப்பும் ஒன்றையொன்று தொட்டன. "குடுங்க சாவி" என்றேன்.

அவர் நிதானமாக, முழுச் சாவி கொடுத்தார். நான் வாட்சை வாங்கி அதன் விளிம்பை அவர் உதட்டருகே நீட்டினேன். "கடிங்க. பேரிங்குக்கு எலும்புல வச்சிப் பாப்பீங்கல்ல. அதே மாரிதான்."

பல்லால் கவ்விக்கொண்டார். கண்ணை மூடினார். பிரஸ் ஷாப்பில் அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது. வெளியே மாங்காடு பஸ் ஒன்று போய், அதன் சத்தம் தேய்ந்தது.

வாட்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"உங்கப்பா இன்னமும் பேசிகினேதான் கீறாரு."

பல் தடம்

அந்த வாரமே அவர் ஃபோர்மேனிடம் தானே போய்ச் சொன்னார். வேலை போகவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். டாக்டர் என்று கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. எனக்கோ கை அரிப்பு நிற்காமல், தாஸ் அனுப்பிய வாட்சுகளுக்கெல்லாம் ராடு, திருகாணி, சாவித் தண்டு என்று பல வருஷம் கடைந்துகொண்டிருந்தேன். தலைமுடி கொட்டுகிறதென்று மற்ற பெண்கள் கவலைப்பட்ட வயதில் நான் நாணுக்காகக் கவலைப்பட்டேன்.

அந்த வாட்சின் விளிம்பில் முலாம் தேய்ந்து இரண்டு பல் தடம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் டீ ஆறும் நேரத்தில் சாவி கொடுப்பார், பல்லில் கவ்விப் பார்ப்பார். ஓடுகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். வேட்டி முனையில் துடைப்பார். அப்புறமும் அதை என் காதில் கொண்டுவந்து வைத்து, "ஓடுதா பாரு" என்பார்.